படக்குறிப்பில் விடுபட்ட பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கத் தொடர்ப்படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆவலோடு படித்தேன். வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளில் ஓடிய அந்தப் படங்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தவன் என்ற முறையில், கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரையோடு வெளியான புகைப்படத்தின் கீழ் அச்சிடப்பட்டிருந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'ஸ்மைலின் ஜாக்' தொடரில் கதாநாயகனாக நடித்த டாம் பிரவுன் இராணுவ உடையணிந்த இருவருடன் நிற்கும் அந்தப் படத்துக்கு, "டாம் பிரவுன், இரு சீன நடிகர்களுடன்" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் சீனர் அல்லர். அவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்த சிட்னி டோலர். மற்றவர் கீ லூக். அவர் குவாங்சௌ நகரில் பிறந்த உண்மையான சீனர். இருவர் பெயரும் அச்சில் வரவில்லை.

இது சிறு பிழைதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் யாராக நடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொடரைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று நான் கருதுவதால்தான் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடரைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஓரிரு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். யுனிவர்சல் நிறுவனம் 1943 ஜனவரியில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து ஓராண்டு கழிந்த நிலையில், பதின்மூன்று அத்தியாயங்களாக இதை வெளியிட்டது. ரே டெய்லரும் லூயிஸ் டி. காலின்ஸும் இயக்கினார்கள். ஜாக் மார்ட்டின் என்ற அமெரிக்க விமானி, ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடும் சீனர்களுக்குத் துணை நிற்கிறான். சீனாவையும் இந்தியாவையும் இணைக்கும் ரகசியப் பாதை ஒன்று ஒரு கற்பனை மாகாணத்தின் வழியே செல்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஜப்பானிய உளவாளிகள் ஒருபுறமும், அமெரிக்கப் பத்திரிகையாளராக வேடமிட்ட ஜெர்மானிய உளவாளிப் பெண் ஒருத்தி மறுபுறமும் அலைகிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு விமானமோ, கப்பலோ, பாலமோ ஆபத்தில் சிக்கும் நேரத்தில் அத்தியாயம் முடியும். மிச்சம் அடுத்த வாரம்தான்.

சென்ற ஆண்டு என் பேரனுடன் உட்கார்ந்து இதை முழுமையாகப் பார்த்தேன். ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டாம், அக்காலத்துப் பிள்ளைகள் பார்த்ததுபோல் வாரம் ஒன்றாகப் பார்ப்போம் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டு, பதின்மூன்று வாரங்கள் அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தோம். சீனத் தளபதி காய் லிங் வரும் காட்சி ஒன்றில் பேரன் படத்தை நிறுத்திவிட்டு, திரைக்கு அருகில் போய் அந்த முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு திரும்பி, "தாத்தா, இவர் நிஜமாவே சீனாக்காரரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்போ படத்துல யாருதான் சீனாக்காரர்?" என்பது அடுத்த கேள்வி. பதினோரு வயதுச் சிறுவனுக்கு உடனே எழுந்த அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், அடுத்த சில வாரங்கள் நடிகர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் படித்தேன்.

தளபதி காய் லிங்காக நடித்தவர் சிட்னி டோலர் என்று மேலே சொன்னேன். வார்னர் ஓலண்ட் 1938-இல் மறைந்த பிறகு, சீனத் துப்பறிவாளர் சார்லி சானாகத் தொடர்ந்து நடித்துப் புகழ்பெற்றவர் அவர். ஓலண்டும் சீனர் அல்லர், ஸ்வீடனில் பிறந்தவர். மா லிங் என்ற பாத்திரத்தில் நடித்த சிரில் டெலவாண்டி லண்டன்காரர். லோ சானாக வந்த நைஜல் டி புரூலியரும் இங்கிலாந்தில் பிறந்தவரே. ஜப்பானியர்கள் பக்கம் பார்த்தால், குஷிமியாக நடித்த ஜே நொவெல்லோ சிகாகோவில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். காகெயாமாவாக நடித்த துர்ஹான் பே வியன்னாவில், துருக்கியத் தந்தைக்கும் செக் யூதத் தாய்க்கும் பிறந்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்ட பிறகு தாயுடன் நாட்டைவிட்டு வெளியேறியவர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அந்த இளைஞர், இருபது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, நாஜிகளின் கூட்டாளியாக விளங்கிய நாட்டின் உளவாளியாகத் திரையில் தோன்றினார்.

ஆக, மேலே சொன்ன முக்கிய ஆசியப் பாத்திரங்களில் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த நடிகர்களுக்குக் கிடைத்தவை இரண்டுதான். கேப்டன் விங்காகக் கீ லூக். வூ டானாக பிலிப் ஆன்.

கீ லூக்கைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1904-இல் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வளர்ந்த அவர், நடிகராவதற்கு முன்பே தேர்ந்த ஓவியர். ஓலண்ட் நடித்த சார்லி சான் படங்களில் துப்பறிவாளரின் மூத்த மகனாக நடித்து, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானவராக இருந்தார். இத்தனைக்கும் பிறகு, இந்தத் தொடர் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த வாரங்களில், சீனாவில் பிறந்த ஒருவர் விண்ணப்பித்து அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. 1882-இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. 1943 பிப்ரவரி 18 அன்று சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் துணைவியார் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சனிக்கிழமைப் பகல் காட்சிகளில் சீனர்கள் நம்பத்தக்க போர்த்தோழர்களாகத் திரையில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சட்டம் நீக்கப்பட்டதோ அவ்வாண்டு டிசம்பர் 17 அன்றுதான். நீக்கிய பிறகும் ஆண்டுக்கு 105 சீனர்கள் மட்டுமே குடியேறலாம் என்று வரம்பு வைத்தார்கள். கீ லூக் 1944-இல் அமெரிக்கக் குடிமகனானார். அமெரிக்காவின் நண்பனாக, சீருடை அணிந்து, நிமிர்ந்து நிற்கும் கேப்டன் விங்காக அவர் கேமராவின் முன் நின்றபோது, அந்த நாடு அவரைத் தன்னவராக ஏற்றுக்கொள்ளச் சட்டபூர்வமாகவே மறுத்துக்கொண்டிருந்தது. படக்குறிப்பில் பெயர் விடுபட்டதைக் கண்டு நான் வருந்தியதற்கு இதுவே காரணம்.

பிலிப் ஆன் கதை வேறு விதமானது. லாஸ் ஏஞ்சலஸில் 1905-இல் பிறந்த கொரியர் அவர். அவருடைய தந்தை ஆன் சாங்ஹோ, ஜப்பானிய ஆட்சியிலிருந்து கொரியா விடுதலை பெற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைத்த தலைவர். ஜப்பானிய அரசால் சிறையில் அடைக்கப்பட்டு உடல்நலம் குன்றி, 1938-இல் மறைந்தார். அவருடைய மகன், போர் நடந்த ஆண்டுகளில் பல படங்களில் ஜப்பானியக் கொடியவர்களாக நடித்தார். திரையில் கண்டதை நம்பி, அவரை உண்மையிலேயே ஜப்பானியர் என்று எண்ணிக்கொண்டு மிரட்டல் விடுத்தவர்களும் இருந்தார்கள். தந்தையைப் பறிகொடுத்த மகன் மீதே அந்த வெறுப்பு வந்து விழுந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஜப்பானிய வம்சாவளி நடிகர்கள் எங்கே போனார்கள் என்று என் பேரன் கேட்கவில்லை. ஆனால் அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணைக்குப் பின், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஹாலிவுட் அமைந்திருப்பதும் அதே மேற்குக் கரையில்தான். திரையில் ஜப்பானியர் நிறைந்திருந்தார்கள். படப்பிடிப்புக் கூடங்களில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இத்தாலியரும் வியன்னாக்காரரும் அந்த வேடங்களைப் போட்டார்கள்.

ஜெர்மானிய உளவாளியாக நடித்த ரோஸ் ஹோபர்ட்டையும் ஒரு வரியில் குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவின் எதிரியாகத் திரையில் நடித்த அவர், போருக்குப் பின் 1940-களின் இறுதியில் கம்யூனிஸ்ட் சார்புடையவர் என்ற ஐயத்தின் பேரில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, திரைவாழ்க்கையை இழந்தார்.

இனி, கட்டுரையாளரின் கருத்து ஒன்றோடு எனக்குள்ள மாறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடர்ப்படத்துக்கு மூலமான சித்திரக்கதையின் உயிர் அப்படியே திரைக்கு வந்துவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சித்திரத்தொடரில் கிடைத்ததைத் தேடிப் படித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஸாக் மோஸ்லி 1933 அக்டோபர் 1 அன்று 'ஆன் தி விங்' என்ற பெயரில் தொடங்கிய அந்தச் சித்திரத்தொடர், அவ்வாண்டு இறுதியிலேயே 'ஸ்மைலின் ஜாக்' எனப் பெயர் மாறி, 1973 ஏப்ரல் 1 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வெளிவந்தது. விமானத்தை மையமாகக் கொண்ட சித்திரத்தொடர்களில் இவ்வளவு காலம் நீடித்தது வேறெதுவும் இல்லை. மோஸ்லி விமானம் ஓட்டத் தெரிந்தவர். சொந்தமாக விமானம் வைத்திருந்தவர். அதனால் அவர் வரைந்த இறக்கையும் சக்கரமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவருடைய பாத்திரங்கள் விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷையில் பேசினார்கள். அதோடு, முழு முகத்தை வாசகருக்கு ஒருபோதும் காட்டாத டவுன்விண்ட் என்ற அழகன் இருந்தான். ஃபேட் ஸ்டஃப் என்ற ஹவாய்த் தீவுக்காரன் இருந்தான். அவனுடைய பருத்த வயிற்றைத் தாங்க முடியாமல் சட்டைப் பொத்தான் தெறித்துப் பறக்க, கீழே வாயைப் பிளந்து காத்திருக்கும் கோழிக்குஞ்சு ஒன்று அதைக் கவ்வி விழுங்கும். கதையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கோழி தன் பொத்தானுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். வாசகர்கள் ஜாக்கோடு நாற்பது ஆண்டுகள் பயணம் செய்ததற்கு அந்தக் கோழிக்குஞ்சும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொடர்ப்படத்தில் டவுன்விண்டும் இல்லை, ஃபேட் ஸ்டஃபும் இல்லை. நாயகனின் பெயரையும் தொழிலையும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் போர்க்கால உளவுக் கதைக்கு ஏற்பப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். 1934-இல் 'டெயில்ஸ்பின் டாமி' என்ற விமானிச் சித்திரத்தொடரைத் திரைக்குக் கொண்டுவந்து, சித்திரக்கதையிலிருந்து தொடர்ப்படம் எடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் இதே யுனிவர்சல்தான். நாயகன் பறப்பதற்காகவே பறந்த காலம் அது. 1943-இல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் எதிரி தேவைப்பட்டான்.

படம் ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் மோஸ்லி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அறியத்தக்கது. 1941 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட குடிமக்கள் விமான ரோந்துப் படையில் சேர்ந்து, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் புளோரிடா கடலோரத்தில் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். அதற்காக விமானப் பதக்கமும் பெற்றார். அந்தப் படையினரில் பலர் தங்கள் சொந்தச் சிறு விமானங்களிலேயே நடுக்கடலுக்கு மேல் பறந்தவர்கள். 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை நடந்த அந்த ரோந்தில் சுமார் 90 விமானங்களை இழந்தார்கள். தம் நாயகனைக் காகிதத்தில் ஆபத்துக்குள் அனுப்பிய மனிதர் தாமும் அதே ஆபத்துக்குள் போய்வந்திருக்கிறார். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

கதையின் நடுநாயகமான அந்த ரகசியப் பாதைக்கு வருகிறேன். அது கற்பனை. ஆனால் 1943-இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு, சீனாவுக்குப் போகும் வழி என்பது செய்தித்தாளில் அன்றாடம் அடிபட்ட விஷயம். பர்மாவின் லாஷியோவிலிருந்து சீனாவின் குன்மிங் வரை 1,154 கிலோமீட்டர் நீளமுள்ள பர்மா சாலையை 1937-38-இல் சீனத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பெரும்பாலும் கையாலேயே வெட்டி அமைத்திருந்தார்கள். 1942 ஏப்ரல் இறுதியில் லாஷியோ ஜப்பானியர் கைக்குப் போனதும், சீனாவுக்குத் தரைவழியாகப் பொருள் அனுப்பும் அந்த வாயில் அடைபட்டது. எஞ்சியது வானம். அசாமின் விமானத்தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்கு முகடுகளைத் தாண்டிக் குன்மிங்குக்குப் பறந்த அந்தத் தடத்தை விமானிகள் 'ஹம்ப்' (திமில்) என்றார்கள். விழுந்து நொறுங்கிய விமானங்களின் பளபளப்பு மலைச்சரிவுகளில் தெரிந்ததால் 'அலுமினியத் தடம்' என்ற பெயரும் அதற்கு வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 6,50,000 டன் சரக்கு அவ்வழியே சென்றது. 590-க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. கீழே, அசாமின் லிடோவிலிருந்து புதிய சாலை ஒன்று மலைக்காட்டைக் குடைந்துகொண்டு போனது. அதை அமைத்த அமெரிக்க வீரர்கள் சுமார் 15,000 பேரில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அவர்களோடு பல்லாயிரம் உள்ளூர்த் தொழிலாளர்களும் உழைத்தார்கள். 1945 ஜனவரியில்தான் முதல் வண்டி வரிசை அவ்வழியே சீனாவை நோக்கிப் புறப்பட்டது.

அதே மலைகளின் வழியாகத்தான் 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியர்கள் பல லட்சம் பேர் கால்நடையாக வந்தார்கள். வழியில் விழுந்து மடிந்தவர்கள் பல்லாயிரம். அந்தக் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே யாருக்கும் தெரியாத பாதை ஒன்று உண்டு என்று திரையில் ஒருவர் சொல்லக் கேட்டபோது, படம் என்ற நினைவே இல்லாமல் அந்த மனிதர்கள்தான் எனக்கு நினைவில் வந்தார்கள். தொடரில் பாதை இருக்கிறது, அதைக் காக்க ஒரு விமானி இருக்கிறார், திருட வருபவர்களும் இருக்கிறார்கள். அதை வெட்டியவர்களும் அதில் நடந்தவர்களும் இல்லை.

சிறுவர்களுக்காக, குறைந்த செலவில், அவசரமாக எடுக்கப்பட்ட படத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். நான் படத்தைப் பழிக்க எழுதவில்லை. பதின்மூன்று வாரங்களும் நானும் என் பேரனும் அடுத்த அத்தியாயத்துக்காக உண்மையாகவே காத்திருந்தோம், மார்ஜரி லார்ட் என்ற நடிகை ஏற்ற ஜேனட் பாத்திரம் ஆபத்தில் சிக்கிய வாரங்களில் அவன் இடையில் தொலைபேசியில் அழைத்து, "என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இன்றைய அளவுகோலால் அன்றைய படத்தை அளக்கிறேன் என்றும் சொல்ல இயலாது. சீனர் விலக்குச் சட்டம் சரியா தவறா என்ற வாதம் அந்த 1943-இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்தது. படம் எடுத்தவர்களைவிட, எண்பது ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி எழுதும் நமக்குப் பொறுப்பு கூடுதலாக இருக்கிறது என்பதே என் எண்ணம். அவர்களுக்குப் போரின் நெருக்கடி இருந்தது. நமக்கு நூலகமும் நேரமும் இருக்கின்றன.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதி விரைவில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அப்புகைப்படத்தை மீண்டும் ஒருமுறை வெளியிட்டு, இடமிருந்து வலமாக டாம் பிரவுன், சிட்னி டோலர், கீ லூக் என்று மூன்று பெயர்களையும் முறையாக அச்சிட வேண்டுகிறேன். பிலிப் ஆன் இடம்பெறும் படம் கிடைக்குமானால் அதையும் அவர் பெயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்